பதினொன்றாம் தீர்மானம்

ஜூன் 2, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக டிராயரில் சும்மா கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் எரிச்சல்தான். கடையில் யாரிடமும் கொட்ட முடியாது, மனைவி பார்வதியிடம் கொட்டினால் அவள் பாதியில் அடுக்களைக்குப் போய்விடுவாள்.

மதியக் காட்சிக்கு 'ஈர வாசல்' போயிருந்தோம். நாங்கள் என்றால் நான்கு பேர். பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான், பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கும் இசக்கிராஜ், செல்போன் பழுது பார்க்கும் அசார், உயிரியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எப்சிபா. ஒன்பது வருடப் பழக்கம். மனதைக் கலக்குகிற திகில் படம் எது வந்தாலும் சேர்ந்து போவோம். படம் இல்லாத ஞாயிறுகளிலும் என் கடை மாடியில் கூடுவோம். பேய் வந்து பயமுறுத்தும் படங்கள் எங்களுக்கு ஆகாது. கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் தலைகீழாக்குகிற படங்கள்தான் எங்கள் சரக்கு. அந்தத் திருப்பம் நியாயமானதா, ஏமாற்று வேலையா என்று மணிக்கணக்கில் சண்டை போடுவோம்.

சண்டைக்கும் சட்டம் உண்டு. டீச்சர் போட்ட சட்டம். முடிவு வருவதற்கு முன்னாலேயே படம் மூன்று தடயமாவது நம் கண்ணெதிரே காட்டியிருக்க வேண்டும். காட்டியிருந்தால் நியாயமான முடிவு, இல்லையென்றால் திருட்டு முடிவு. படம் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது என்பார். பார்க்காத ஆளிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பதும் அவர் போட்டதுதான். எல்லாம் தீர்மான நோட்டில் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் இருக்கிறது.

இன்றைய படத்தில் ஒரு குமாஸ்தா. தினமும் காலையில் வாசலிலிருந்து அவன் கட்டில் வரை ஈரக் காலடி. மாடியில் குடியிருப்பவனைச் சந்தேகப்படுகிறான், அடித்தே விரட்டுகிறான். கடைசியில் பார்த்தால், தூக்கத்தில் எழுந்து கிணற்றடிக்குப் போய் வருவது அவனேதான். இந்த வருடம் இது ஐந்தாவது 'நானே அவன்'. அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொன்றாம் தீர்மானத்தை நான் கொண்டுவந்தேன். தேடுகிறவனே கடைசியில் குற்றவாளி என்று முடியும் எந்தக் கதைக்கும் இனி நம் சபையில் மதிப்பெண் கிடையாது, விவாதத்துக்கும் எடுப்பதில்லை. மூன்று கைகள் உயர்ந்தன. டீச்சர் கை மட்டும் மடியில் இருந்தது.

"நெஜமாவே ஒருத்தனுக்கு அப்படித்தான் இருந்துச்சுன்னா, அவன் கதைய எங்க போய்ச் சொல்லுவான் அண்ணாச்சி?" என்றார்.

வேறு சபை பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் நோட்டைத் திறந்து தீர்மானத்தைப் பிழையில்லாமல் எழுதினார்.

ஜூன் 8, சனி

மதியம் சாப்பிடப் போகலாம் என்று கிளம்பும்போது மாடிப்படியில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சேலை, கையில் பைபிள் பை. மாடிக் கதவு பூட்டியிருந்தது. என்ன டீச்சர் இன்றைக்கு என்று கேட்டேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு, மாடியில் காற்று வருமா என்று பார்க்க வந்தேன், கோடை போய்விட்டதே என்றார். சனிக்கிழமையில் ஏதோ விசேஷ ஜெபம் போல.

இன்சுலின் சரக்கு வரவில்லை. நான்கு பேரைத் திருப்பி அனுப்பினேன்.

ஜூன் 12, புதன்

கடையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சண்டை தீராத படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எங்கள் வழக்கம். தடயம் சரிபார்க்க. இன்று 'ஈர வாசல்' சரிபார்ப்பு. நான் ஐந்து தடயம் எண்ணினேன், அசார் ஏழு என்கிறான். எண்ணிக்கை எதுவானாலும் பதினொன்றாம் தீர்மானப்படி மதிப்பெண் பூஜ்யம்தான்.

டீச்சர் இன்று பெரிய நடிகையாகிவிட்டார். குமாஸ்தா கண்ணாடியில் தன் ஈரமான வேட்டியைப் பார்க்கும் காட்சி வந்ததும் "ஐயோ" என்று என் கையைப் பிடித்துவிட்டார். விரல்கள் சில்லென்று இருந்தன. இரண்டாம் தடவை பார்க்கிற படத்துக்கு இப்படி ஒரு அதிர்ச்சி. தீர்மானத்துக்கு எதிராக எனக்கு நாசூக்காகக் குத்து விடுகிறார் என்று புரிந்தது. மாடிக்கு வந்ததும், நடிப்புக்கு விருது கொடுக்க வேண்டும் டீச்சர் என்றேன். அவர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இப்போது சின்ன நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசைப்படி எங்கள் பெயர்களை அதில் எழுதியிருந்தார். அசார் பெயருக்கு எதிரே 'தாடி' என்று இருந்தது. விவாதத்துக்கு இவ்வளவு முறையாகத் தயாராகிறவர் எங்கள் கூட்டத்தில் வேறு யாரும் இல்லை.

ஜூன் 20, வியாழன்

பார்வதி சொன்னது: மார்க்கெட்டில் டீச்சரைப் பார்த்தாளாம். அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு என்று விசாரித்தாராம். என் மாமியார் இறந்து மூன்று வருடம். அடக்கத்தன்று டீச்சர் சாயங்காலம் வரை எங்கள் வீட்டில்தான் இருந்தார், பார்வதிக்குக் காப்பி போட்டுக் கொடுத்ததே அவர்தான். வேறு யாரோ என்று நினைத்துக் கேட்டிருப்பார் என்றேன். பார்வதி கீரை ஆயத் தொடங்கினாள்.

ஜூன் 23, ஞாயிறு

இன்று படம் இல்லை. அதனால் பாதிக் கதை. ஒருவர் ஒரு கதையைப் பாதி வரை சொல்வார், மற்றவர்கள் மூன்று தடயத்தோடு முடிவைச் சொல்ல வேண்டும். இன்று டீச்சர் முறை.

அவருடைய கதையில் தாமஸ் என்று ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற நூலகர். கல்யாணம் ஆகவில்லை. இறந்துபோன தம்பியின் மகன் இரண்டு வருடமாக அவரோடு இருக்கிறான். கொஞ்ச நாளாக வீட்டில் யாரோ புகுந்து விளையாடுகிறார்கள். அணைத்த அடுப்பு எரிகிறது. அரிசி டப்பாவுக்குள் மூக்குக் கண்ணாடி இருக்கிறது. ஒரே நாளில் மூன்று பால் பாக்கெட் வருகிறது. 'பால் வாங்கியாச்சு' என்று சுவரில் சீட்டு ஒட்டியிருக்கிறது, அவருடைய கையெழுத்திலேயே. அவர் எழுதவில்லை. தெருவில் முகம் தெரியாத பெண் ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறாள். தம்பி மகன் டாக்டரிடம் போவோம், டாக்டரிடம் போவோம் என்று அரிக்கிறான். யார் செய்கிற வேலை இது?

கேட்டு முடித்ததும் எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பெரியவரேதான், மறதி என்றேன். சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன். 'நானே அவன்'. என் தீர்மானத்தை நானே மீறுவதா? அசார் விடுவானா, மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்துவிட்டான். டீச்சர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அதான் முடிவா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"சேச்சே. ஒங்கள மாதிரி ஆளு அவ்வளவு பழைய முடிவ வச்சிருப்பியளா? அதெல்லாம் எங்கள ஏமாத்தப் போட்ட தூண்டில்."

அதற்குப் பிறகுதான் என் மூளை வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். தம்பி மகன்தான் எல்லாம் செய்கிறான், பெரியவரைப் புத்தி பேதலித்தவர் என்று காட்டி வீட்டை எடுத்துக்கொள்ளத் திட்டம் என்று கட்டினேன். மூன்று தடயம், அடுக்கடுக்காக. ஒன்று, கூடவே இருக்கிறவன், இன்னொரு சாவி அவனிடம் மட்டும்தான் இருக்கும். இரண்டு, சிறு வயதில் பெரியவரிடம் எழுதப் படித்திருப்பான், அதனால் அவர் கையெழுத்து அவனுக்கு வரும். மூன்று, டாக்டரிடம் போவோம் என்று விடாமல் அரிப்பது, சான்றிதழுக்காக. அக்கறை மாதிரித் தெரிவதுதான் இங்கே பெரிய தடயம் என்று முடித்தேன். இசக்கிராஜ், பத்திர ஆபீசில் இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கிறேன் என்று கூடவே இரண்டு உதாரணம் கொடுத்தான். மூன்றுக்கு மூன்று ஓட்டு.

டீச்சர் எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாவது தடயத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சரியான முடிவை அடுத்த வாரம் சொல்வதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூன் 24, திங்கள்

நேற்றைய கதையைப் பார்வதியிடம் சொன்னேன். என் மூன்று தடயத்தைப் பாராட்டுவாள் என்று பார்த்தேன். அந்தப் பையன் பாவம் என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 25, செவ்வாய்

மனதில் ஒரு சின்னக் கசப்பு. டீச்சர் இருமல் மருந்து வாங்க வந்தார். பையைத் திறந்தபோது ஜங்ஷன் பக்கம் இருக்கிற ஒரு மருந்துக்கடையின் காகித உறை தெரிந்தது. உள்ளே மாத்திரை அட்டைகள். நான் பார்த்ததைப் பார்த்து, பையைச் சட்டென்று மூடினார். எங்கள் கூட்டம் சேர்வதற்கு முன்னாலிருந்தே, பதினான்கு வருட வாடிக்கை. அங்கே தள்ளுபடி தருகிறார்கள் என்றால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருமல் மருந்தைக் கொடுத்தேன்.

ஜூன் 26, புதன்

இசக்கிராஜ் ஆபீசுக்குப் போய் வருவது டீச்சர் வீட்டுத் தெரு வழியாகத்தான். காலையில் அங்கே பூட்டு மாற்றுகிற ஆள் வந்திருந்தானாம். சொல்லிவிட்டுச் சிரித்தான், நம் கதை டீச்சரையே பயமுறுத்திவிட்டது என்று. நானும் சிரித்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

டீச்சர் வந்தார். சேலை மடிப்புக் கொஞ்சம் தாறுமாறாக இருந்தது, மற்றபடி தெளிவாகத்தான் பேசினார். முடிவு சொல்லுங்கள் என்றோம்.

"பெரியவர் பூட்ட மாத்திட்டாரு. பையன அனுப்பியாச்சு. ஆனா சீட்டு இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மூணு பால் பாக்கெட்டும் வருது. அது எப்படி?"

பையன் ஜன்னல் வழியாக வருவான் என்றான் இசக்கிராஜ். பூட்டு மாற்றுகிறவனைக் கைக்குள் போட்டிருப்பான் என்றான் அசார். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன், தெருவில் நலம் விசாரிக்கும் பெண் அவனுடைய கூட்டாளி என்றேன். கிழிந்த இடத்தில் எல்லாம் ஒட்டுப் போட்டுக்கொடுத்தோம். டீச்சர் ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வாரம் தாங்க" என்றார்.

ஜூலை 2, செவ்வாய்

காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து மருந்துச் சீட்டை நீட்டினாள். முப்பது வயதிருக்கும். எங்கேயோ பார்த்த முகம். சீட்டில் மறதி நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை. மாதம் பத்து பேருக்காவது நான் எடுத்துக் கொடுப்பது. நோயாளி பெயர் எப்சிபா, வயது அறுபத்தொன்று. சீட்டின் தேதி ஜனவரி.

அவள் பெயர் பியூலா. டீச்சரின் அக்கா மகள். அம்மா போன பிறகு இரண்டு வருடமாகச் சித்தியோடுதான் இருக்கிறாள், தனியார் பள்ளி ஒன்றில் ஆபீஸ் வேலை.

"சித்தி ஒங்க கடையில மட்டும் வாங்கக் கூடாதுன்னுட்டாவ. ஒங்க கூட்டத்துல அவங்கதான தடயம் கண்டுபிடிக்கிற ஆளு. மறந்து போற ஆளுன்னு தெரியக் கூடாதுன்னு. அதான் ஜங்ஷன்ல போய் வாங்குவேன்."

இப்போது ஏன் இங்கே என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"போன புதன்கிழமை வேலை முடிஞ்சு வாரேன், எம் பையி வாசல்ல இருக்கு. பூட்டு மாத்தியிருக்கு. ஜன்னல் வழியா, மூணு தடயம் இருக்குன்னு சொன்னாவ. வேற ஒண்ணும் சொல்லல. ஹாஸ்டல்ல இருக்கேன். மாத்திரை தீந்திருக்கும், நான் குடுத்தா விஷம்னு நினைக்காவ. நீங்க குடுத்தா வாங்கிக்கிடுவாவ அண்ணாச்சி." பிறகு கேட்டாள், "மூணு தடயம்னா என்னது?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டேன். இரண்டு தடவை எண்ணிக்கை தப்பியது. காலையில் சாப்பிடவில்லை, அதனால் இருக்கும்.

ஜூலை 3, புதன்

போகவில்லை. சரக்கு வந்தது, கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மாத்திரைக் கவர் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சாயங்காலம் இசக்கிராஜ் போன் செய்தான். டீச்சர் வீட்டிலிருந்து பால் தீய்ந்த நாற்றம் தெருவே தூக்குகிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் தட்டியதற்கு ஜன்னல் வழியாக, யார் நீங்கள் என்று கேட்டாராம்.

ஜூலை 4, வியாழன்

எல்லாவற்றையும் பார்வதியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவிய கதை சொல்லல. நீங்கதான் கதையா கேட்டிய" என்றாள்.

நாளைக்குப் போக வேண்டும். வெறுங்கையோடு போக முடியாது. உங்களுக்கு மறதி நோய் என்று நான் சொன்னால், டாக்டர் சொன்னபோது நம்பாதவர் என்னை எப்படி நம்புவார்? பியூலா சொன்னதை எடுத்துக்கொண்டும் போக முடியாது. சந்தேகப்படுகிற ஆளின் சாட்சி செல்லாது என்பது ஆறாம் தீர்மானம். சீட்டும் மாத்திரையும் பியூலா கொண்டு வந்தவை, அவையும் செல்லா. நானே கண்ணால் பார்த்த மூன்று வேண்டும்.

அதற்காக இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். சரிபார்ப்புக் காட்சி மாதிரி. ஜூன் எட்டு, பதினாறு, இருபது, இருபத்தைந்து. எல்லாம் இருக்கிறது, என் கையெழுத்திலேயே. ஒன்றைக்கூட யாரும் என்னிடம் மறைக்கவில்லை. தள்ளுபடிக்காகக் கடை மாறிவிட்டார் என்று எழுதியிருக்கிற பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. தினம் நூறு மருந்துச் சீட்டு படிக்கிறவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 5, வெள்ளி

நாலு மணிக்குப் போனேன். டீச்சர் சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. இன்று ஞாயிறா என்று கேட்டார். இல்லை டீச்சர், வெள்ளி என்றேன். உள்ளே விட்டார்.

சுவர் முழுக்கச் சீட்டு. பால் வாங்கியாச்சு. கதவைப் பூட்டு. அடுப்பைப் பார். எல்லாம் தீர்மான நோட்டில் இருக்கிற அதே எழுத்து. அடுக்களை மேடையில் கரி பிடித்த பால் சட்டி. இரண்டு வீட்டுக்குத் தேவையான பால் பாக்கெட்டுகள் பிரிக்காமல் ஜன்னல் வெயிலில் கிடந்தன. நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்தேன்.

"டீச்சர், ஒங்க பாதிக் கதைக்கு என் முடிவ மாத்துதேன்."

"கெடு முடிஞ்சிருச்சே அண்ணாச்சி."

"கெடுவத் தளர்த்தச் சொல்லிக் கேக்கேன். பெரியவரேதான் டீச்சர். அவருக்குத் தெரியாமலே அவர்தான்."

பதினொன்றாம் தீர்மானம் இருக்கிறதே என்றார். அதைக் கொண்டுவந்தவன் நான், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் எழுந்து போய்ச் சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அது கழுத்தில் தொங்கியது, நான் சொன்னேன்.

"மூணு தடயம்?"

முப்பத்தைந்து வருடம் வகுப்பில் பதில் கேட்ட குரல்.

முதல் தடயம், பெரியவர் ஒரு சனிக்கிழமை, ஞாயிறு என்று நினைத்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஒரு மாடிப்படியில் நின்றார் என்றேன். பெரியவர் சேலை கட்டினார் என்று என் வாயில் வந்ததை நான் அப்புறம்தான் கவனித்தேன். டீச்சர் பேனா நிற்கவில்லை, எழுதினார். இரண்டாவது, ஏற்கெனவே பார்த்த படத்தின் முடிவுக்கு அவர் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்தார். அந்தக் கை நிஜமாகவே குளிர்ந்திருந்தது, பக்கத்தில் இருந்த மடையன் அதை நடிப்பு என்று நினைத்தான். மூன்றாவது, தான் அடக்கத்துக்குப் போய் வந்த ஒரு அம்மாவின் முட்டுவலியை மூன்று வருடம் கழித்து விசாரித்தார்.

மூன்றாவது தடயத்தில் பேனா நின்றது.

"பார்வதியோட அம்மாவா?" என்றார். "செத்துப் போனாவளா?"

"ஆமா டீச்சர்."

"பார்வதி மனசு என்ன பாடுபட்டிருக்கும்."

தெருவில் உப்பு விற்கிற வண்டி போனது. எழுதியதை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பையனுக்குப் பெரியவர் மேல கோவம் இருக்குமா?"

"இல்ல டீச்சர். லேடீஸ் ஹாஸ்டல்ல காத்துக்கிட்டு இருக்கா."

"பையன் எப்படி அண்ணாச்சி லேடீஸ் ஹாஸ்டல்ல?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். எழுதிவைக்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

அழுது முடித்துத் தண்ணீர் குடித்த பிறகு சொன்னார்.

"எனக்கு ரெண்டு முடிவும் தெரியும். ஒண்ணு நான், இல்லைன்னா அவ. எது சரின்னு புடிபடல. வீட்டுல, டாக்டர்ட்ட, கோயில்ல, எங்க கேட்டாலும் பாவப்படுவாவ. பாவப்படுறவங்க நெசத்தச் சொல்ல மாட்டாவ. நீங்க மூணு பேரும் பாவப்பட மாட்டிய, தடயத்தத்தான் பாப்பிய. அதான் கதையாக் கொண்டு வந்தேன்."

"நாங்க பாக்கல டீச்சர்."

"மொதல்ல சரியாத்தான் சொன்னிய. நான் ஒங்க முகத்தப் பாத்தேன். சரியாத்தான் சொன்னிய, பொறகு மாத்திட்டிய."

புதுப் பூட்டின் சாவி இரண்டு இருந்தது. ஒன்றைக் கையில் கொடுத்தார். மாத்திரைக் கவரை வாங்கிக்கொண்டார். வாசல் வரை வந்து, இது திருட்டு முடிவு இல்லை, எல்லாம் முன்னாலேயே காட்டியிருக்கிறது என்றார்.

ஹாஸ்டல் வாசலில் பியூலாவிடம் சாவியைக் கொடுத்தேன். மூன்று தடயம் என்றால் என்ன என்பதையும், அதைக் கட்டியவன் யார் என்பதையும் சொன்னேன். சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ஜூலை 7, ஞாயிறு

மாடியில் மூன்று பேர். இசக்கிராஜிடமும் அசாரிடமும் சொன்னேன். அசார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இசக்கிராஜ், நான் கொடுத்த இரண்டு உதாரணமும் நிஜம்தான் அண்ணாச்சி என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்.

தீர்மான நோட்டை எடுத்தோம். பதினொன்றை அடிக்கலாம் என்று பேனாவை வைத்தால், அது டீச்சர் கையெழுத்து. அடிக்க மனம் வரவில்லை. கீழே பன்னிரண்டு என்று போட்டு, பதினொன்று செல்லாது என்று நான் எழுதினேன். என் எழுத்து கோணலாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

டீச்சர் வரவில்லை. பியூலா போன் செய்தாள், சாப்பிடுகிறார், தூங்குகிறார், மாத்திரையை அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்றாள். இனிமேல் எங்கள் கடையில்தான் வாங்குவாளாம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு மாதம் எழுதவில்லை. இன்று எழுதாமல் தூக்கம் வராது.

'ஈர வாசல்' டிவியில் போடுவதாக அசார் சொன்னான். டீச்சர் படிக்கட்டு ஏற வேண்டாம் என்று அவர் வீட்டிலேயே கூடினோம். சுவரில் சீட்டுகள் குறைந்திருந்தன. இருந்தவற்றிலும் பாதி பியூலாவின் எழுத்து, சுத்தமாக வேறு மாதிரி. அவளுக்கு டீச்சர் கையெழுத்து வரவே வராது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். காப்பியை என் கையில் கொடுத்தாள்.

படம் தொடங்கும்போது டீச்சர் என் பக்கம் சாய்ந்தார்.

"இது நான் பாத்த படமா அண்ணாச்சி?"

அறையில் எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். பார்த்ததில்லை என்று சொல்வது எளிது. ஆனால் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் சட்டம்.

"முடிவச் சொல்ல மாட்டேன் டீச்சர்" என்றேன்.

"சொல்லக் கூடாது" என்றார், திருப்தியாக.

குமாஸ்தா ஈரக் காலடியைப் பார்த்தான். மாடிக்காரனைச் சந்தேகப்பட்டான். அடித்தான். கடைசிப் பத்து நிமிடம் நெருங்க நெருங்க நாங்கள் யாரும் டிவியைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்தோம். அவர் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. பிடித்தால் பிடிக்கட்டும் என்று நான் அதை நகர்த்தாமல் வைத்திருந்தேன். கண்ணாடிக் காட்சி வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

அவர் "ஐயோ" என்று சொல்லவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அவனேதான்" என்றார். "பாவம், அவனுக்குத் தெரியல. யாராவது பக்கத்துல போய் உக்காந்து சொல்லுங்களேன்."

திரையில் குமாஸ்தா கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். அசார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான். இசக்கிராஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். டீச்சர் மடியிலிருந்த சின்ன நோட்டைத் திறந்து எதையோ எழுதினார், நான் எட்டிப் பார்க்கவில்லை.

பியூலா உள்ளே போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.